முன்னால் வந்த கலயம்

முதலில் திரும்பி வந்தது செல்வாம்பாளின் பச்சை வாளி. கீழ்த்துறையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் அதைக் கை நழுவவிட்டாள். அது கிழக்கே கடலைப் பார்த்து மிதந்து போவதைக் கண்டு, ஆற்றையும் வாளியையும் வாளி விற்றவனையும் சேர்த்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திட்டின் மேற்குக் கோடியிலிருக்கும் தன் வீட்டுக்குப் போனபோது, வாளி மேற்கேயிருந்து, அவளுக்கு நேர் எதிரே, உள்ளே பாதித் தண்ணீரோடு வெகு நிதானமாக மிதந்து வந்துகொண்டிருந்தது. செல்வாம்பாள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர், எதற்கும் அசருகிறவள் இல்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி வாளியை எடுத்துக்கொண்டு, வழி தெரிந்தால் சரி என்று அதனிடமே சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

ஈச்சந்திட்டு என்பது, கொள்ளிடம் கடலுக்குப் போகிற அவசரத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் தள்ளி மனம் மாறி மறுபடி ஒன்றாகச் சேர்ந்தபோது, நடுவில் மறந்து விட்டுப் போன மண். அதன் மேல் நீளமாக ஒரே ஒரு தெரு, ஒரு மாரியம்மன் கோயில், மேற்கே முல்லைக் கொல்லைகள், கிழக்கே கீழ்த்துறை, அவ்வளவுதான் ஊர். வருசா வருசம் மேலே மதகு திறந்தால் ஆறு தெருவுக்குள் வந்து எல்லார் வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சனங்கள் ஆடு மாடு, அரிசிப் பானை, ரேஷன் கார்டு சகிதம் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்திருந்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் வந்து சேற்றை வழித்துப் போட்டு, அந்தச் சேற்றிலேயே கத்தரி நட்டுக் காய் பறிப்பார்கள். ஆறு ஒரு பக்கம் தின்னும், இன்னொரு பக்கம் கக்கும், ஆக மொத்தத்தில் திட்டு திட்டாகவே இருக்கும் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை ஒன்றும் தப்பில்லை, அந்த வருசம் வரைக்கும்.

வாளி நழுவிய அதே காலையில்தான், கீழ்த்துறைக்கு மேலேயிருந்த கலியமூர்த்தியின் வீட்டில் அவருடைய ஒரே மகள் வினோதினி தன் ஆற்றை ஓடவிட்டிருந்தாள். பொறியியல் முடித்து, அதற்கு மேலும் ஆராய்ச்சி என்று படித்துக்கொண்டிருந்த பெண் அவள். ஓடுகிற தண்ணீர் மண்ணை எப்படி அரிக்கிறது என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் படிப்பு. அதற்குத் தன் ஊரையே எடுத்துக்கொண்டாள். தண்ணீரை நீலக் குருணையாகவும் மண்ணைப் பழுப்புக் குருணையாகவும் நொய்யரிசி போலப் பொடித்து, ஒவ்வொரு குருணையும் பக்கத்துக் குருணையை எப்படி இடிக்கும், எப்படித் தள்ளும், எப்போது கரையிலிருந்து பெயர்த்துக்கொண்டு போகும் என்று விதி எழுதி வைத்தாள். கணினி பழசு, கொள்ளிடம் மொத்தத்தையும் அதற்குள் அடைக்க முடியாது. அதனால் திட்டைச் சுற்றியிருக்கும் ஆற்றை மட்டும் துண்டாக வெட்டி எடுத்து, அந்த வேலை தெரிந்தவர்கள் எல்லாரும் செய்கிற சிக்கனத்தை அவளும் செய்தாள்: கிழக்கு ஓரத்தில் வெளியேறுகிற தண்ணீர் மேற்கு ஓரத்தில் மறுபடி உள்ளே வரட்டும் என்று இரண்டு முனைகளையும் சேர்த்து முடிந்துவிட்டாள்.

பச்சை வாளிக் கதையைச் செல்வாம்பாள் சிரித்துக்கொண்டே சொன்னபோது வினோதினி எழுந்து போய்த் திரையைப் பார்த்துவிட்டு வந்தாள். தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஊர் கூடிக் கேட்டது. கேட்டுவிட்டு, படித்த பிள்ளை ஆற்றை முடிந்து வைத்திருக்கிறது என்று ஏதோ பூ தொடுத்த சேதி போலப் பேசிக்கொண்டு கலைந்தது. முடிச்சை உடனே அவிழ்த்துவிடலாம் என்று அவள் கணினியை நிறுத்தப் போவதற்குள் வழக்கம்போல மின்சாரம் போனது, அப்போது ஆறு நின்றது. வற்றியோ வடிந்தோ போகவில்லை, நின்றது. துறையில் குடத்தை அமுக்கினால் தண்ணீர் உள்ளே வரவில்லை. கால் வைத்தால் நெல் குவியலில் வைத்ததுபோல மெதுவாகப் புதைந்தது. பாய்ந்த மீன்கொத்தி ஒன்று பாதி அலகு சொருகியபடி இறக்கையடித்துக்கொண்டு கிடந்தது. மின்சாரம் வந்ததும் எல்லாம் விட்ட இடத்திலிருந்து ஓடின. அதற்கப்புறம் கணினியை நிறுத்த யாரும் சம்மதிக்கவில்லை. குடிக்கவும் குளிக்கவும் மாடு கழுவவும் ஓடுகிற தண்ணீர் வேண்டுமே. ஊர்ப் பொதுவில் ஓர் இன்வெர்ட்டர் வாங்கிக் கலியமூர்த்தி வீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஆற்றுக்கு இன்வெர்ட்டர் வாங்கிய ஊர் என்று அக்கரைக்காரர்கள் கேலி பேசினார்கள்.

பழகிவிட்டது. எதுதான் பழகாது? அறுந்து போன செருப்புகளும் பந்துகளும் தேங்காய்களும் திரும்பி வந்தன. எச்சில் துப்பினவன் வாசலுக்கு எச்சில் திரும்பி வந்ததால், குப்பையை ஆற்றில் கொட்டாதே என்று செல்வாம்பாள் தொண்டை வற்றக் கத்தியும் நடக்காதது தானாக நடந்தது. ஆடிப்பெருக்கன்று பெண்கள் விட்ட விளக்கும் காதோலை கருகமணியும் முளைப்பாரியும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு திரும்பி வந்து துறையில் நின்றபோது மட்டும் கொஞ்சம் கலங்கினார்கள், கொடுத்ததை ஆறு வேண்டாமென்கிறதோ என்று. கோயில் பூசாரி வைத்தியலிங்கம், ஆத்தா நம்மைச் சுற்றி வருகிறாள், நாம்தான் அவளைச் சுற்ற வேண்டுமா என்ன என்று ஒரு போடு போட்டதும் அந்தக் கலக்கமும் அடங்கியது.

எல்லாரையும்விட நன்றாகப் பழகிக்கொண்டவள் வினோதினியின் அம்மா தனக்கோடி. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஆற்று நடுவில் வாழ்ந்தும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை, பெற்ற பெண்ணையும் நனைய விட்டதில்லை. கலியமூர்த்தியின் முல்லைக் கொல்லை மேற்குக் கோடியில். மதியச் சோற்றைத் தூக்கிக்கொண்டு வெயிலில் தெரு நீளம் நடந்துகொண்டிருந்தவள், ஒருநாள் தூக்குச்சட்டியை ஓர் அலுமினியத் தாம்பாளத்தில் வைத்து, கீழ்த்துறையில் கிழக்கே பார்த்துத் தள்ளிவிட்டாள். அது கிழக்கே மறைந்து, மேற்கே முளைத்து, கொல்லை ஓரத்தில் குந்தியிருந்த புருசன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. சோறு ஆறுவதில்லை. அன்றிலிருந்து உச்சிப் பொழுதுக்குக் கலியமூர்த்தி கொல்லைக் கரையில் போய் உட்கார்ந்து, மேற்கே பார்த்துக் காத்திருப்பார். இந்த வயதில் உங்களுக்குத் தூதெல்லாம் ஆற்றிலா என்று முல்லை பறிக்கிற பெண்கள் சீண்டுவார்கள், அவருக்குக் காது மடல் சிவக்கும்.

ஆவணி பிறந்ததும் தனக்கோடி காய்ச்சலில் படுத்தாள். அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும்போது அவள் இல்லை.

ஈச்சந்திட்டில் ஒரு வழக்கம் உண்டு. எரித்த மறுநாள் எலும்பும் சாம்பலும் பொறுக்கி மண் கலயத்தில் போட்டு, மஞ்சள் துணியால் வாய் கட்டி, முழுக் கலயமாகவே ஆற்றில் விடுவார்கள். கடல் பக்கம்தான், அது உடைத்துக்கொள்ளும். விட்ட கையோடு ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வீடு வந்து கால் கழுவி விளக்கைப் பார்க்கும் வரை எவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிறவர்களுக்குக் கால் பின்னிக்கொள்ளும் என்பார்கள், பார்த்தவர்களுக்கும்தான். துக்கத்தில் மூளை மழுங்கிப் போயிருந்த அந்த நேரத்தில் ஆறு முடிச்சுப் போட்டுக் கிடப்பது யாருக்குமே நினைவில்லை, வினோதினிக்கும் இல்லை. எத்தனையோ தலைமுறையாகச் செய்ததைக் கை தானாகச் செய்தது. கலியமூர்த்தி கலயத்தைக் கீழ்த்துறையில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், கழுத்தை விறைத்துக்கொண்டு மேற்கே பார்த்து நடந்தார். நடந்தவருக்கு எதிரே, வலதுகைப் பக்கம், ஆற்றின் நடுவில் மஞ்சள் துணி கட்டிய கலயம் ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது. பின்னால் பார்க்கக் கூடாதென்று வழக்கம் இருந்தது. முன்னால் வந்தால் என்ன செய்வதென்று வழக்கத்தில் இல்லை. அவர் நின்றார். கண் நிறையப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவர் வேறு எதையும் பார்ப்பதை விட்டுவிட்டார். விடிந்தால் கொல்லைக் கரை, அடைந்தால் வீடு. கலயம் வரும், வருகிறவரைக்கும் காத்திருப்பார், கடந்து போகிறவரைக்கும் பேசுவார். முல்லை இன்று மொட்டு சிறுத்துவிட்டது, செவலைக்குக் கன்று கிடாரிதான், பாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. முதலில் துறையில் பெண்கள் கலயத்தைக் கண்டால் அலசுகிற துணியை அப்படியே போட்டுவிட்டுக் கரையேறினார்கள். அப்புறம் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்கள். அப்புறம், இந்தா தனக்கோடி அக்கா வருது, பொழுது உச்சிக்கு வந்தாச்சு என்று உலையைப் பார்க்க எழுந்து போனார்கள். வினோதினிதான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவள் வீட்டுக்குள் திரையைப் பார்த்தாள். அங்கே நீலத்துக்கு நடுவில், அவள் எழுதாத ஒரு மஞ்சள் புள்ளி சுற்றிக்கொண்டிருந்தது.

பயம் வேறொரு பக்கமிருந்து வந்தது. தண்ணீர் தெளிய ஆரம்பித்திருந்தது. ஆவணியில் கொள்ளிடம் செம்மண் கலங்கலாகத்தான் வரும். அந்த வருசம் நாளுக்கு நாள் தெளிந்து, அடியில் கிடக்கிற கிளிஞ்சல் தெரிந்தது, கண்ணாடி தோற்றுவிடும் என்று எல்லாரும் குனிந்து முகம் பார்த்து, அள்ளிக் குடித்து, தெய்வத் தண்ணீர் என்று சொன்னார்கள். தெளிந்த தண்ணீருக்குப் பயப்பட அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறகு மேற்குக் கோடி ஈச்ச மரங்கள் சாய்ந்தன. கொல்லை வேலி விழுந்தது. சத்தமில்லாமல், வெள்ளமில்லாமல், மழையில்லாமல், பட்டப்பகலில் கரை ஒரு வாய் ஒரு வாயாகக் குறைந்தது, குறைந்த மண் கிழக்கே எங்கும் ஒதுங்கவில்லை.

வினோதினி தன் விதிகளை மறுபடி முதலிலிருந்து படித்தாள், படித்து ஓரிடத்தில் நின்றாள். கிழக்கே போன நீலத்தைத் திரும்ப உள்ளே விடச் சொன்னவள், பழுப்பைத் திரும்ப விடச் சொல்ல மறந்திருந்தாள். போன வாளி வந்தது, போன கலயம் வந்தது, போன மண் மட்டும் வரவில்லை. மேலேயிருந்து வருகிற நிஜ ஆறு வண்டலைச் சுமந்துகொண்டு வயிறு நிறைந்து வரும். சுமையில்லாத தண்ணீருக்கு வயிறு காலி, அது கண்டதைத் தின்னும். அவள் முடிந்துவைத்த ஆறு ஒவ்வொரு சுற்றுக்கும் இருந்ததைத் தொலைத்துவிட்டுப் பசியோடு திரும்பி வந்து திட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. பழுப்பையும் திரும்ப விடச் சொல்லி எழுதிப் பார்த்தாள். பழைய கணினி அந்தச் சுமை தாங்காமல் திணற, ஆறு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சாண் நகர்ந்தது, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பழையபடி மாற்றிவிட்டாள். மிச்சமிருந்தது ஒரே வழி, முடிச்சை அவிழ்ப்பது. கிழக்கு ஓரத்தைத் திறந்துவிட்டால் சுற்றுகிற தண்ணீர் மொத்தமும் வெளியேறிவிடும். அதற்கப்புறம் மேற்கே நிஜக் கொள்ளிடம் வந்து நிற்குமா, வெறும் பள்ளம்தான் கிடக்குமா என்று அவளுக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: அவள் விதிப்படி, திறந்த ஓரத்தைத் தாண்டுகிற குருணை கடலுக்குப் போகாது, எங்கும் போகாது, கணக்கிலிருந்தே அழிந்துவிடும்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கரை தின்னப்படத் தின்னப்பட ஆழம் கொல்லைப் பக்கமாக நகர்ந்தது, ஆழத்தோடு கலயமும் நகர்ந்தது. முன்பு நடு ஆற்றில் போனது, பிறகு கூப்பிடு தூரத்தில் போனது, இப்போது கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் போனது. அப்பா முன்பு கரை மேல் உட்கார்ந்திருந்தார், பிறகு கால் நனைய நின்றார், இப்போது இடுப்பளவில் நின்று பேசுகிறார் என்று பூப்பறிக்கிற பெண்கள் வந்து சொன்னார்கள். அவர்களுடைய குரலில் இப்போது சீண்டல் இல்லை. தனக்கோடி ஆள் கூட்டிப் போகத்தான் மண்ணைத் தின்றுகொண்டே கிட்ட வருகிறாள் என்று தெருவில் முணுமுணுப்பு கிளம்பி, பிள்ளைகளை வெளியில் விடாமல் கதவைச் சாத்தினார்கள்.

அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, முனையைத் திறக்கப் போவதாக வினோதினி சொன்னாள். கலியமூர்த்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"கார்த்திகை வரைக்கும் தள்ளிப் போடேன் பாப்பா" என்றார்.

"கார்த்திகைக்கு ஊரே இருக்காதுப்பா."

"ஊருக்கு அக்கரை இருக்கு. எனக்கு இது ஒண்ணுதானே இருக்கு."

அம்மாவைத் தானும் இன்னும் அழுது முடிக்காத பெண், தள்ளிப்போட்டாள். அந்தத் தாமதத்தில் செல்வாம்பாளின் வீடு போயிற்று. காலை வெயிலில், அவள் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கியிருந்த நேரத்தில், சுவர் ஒரு பெருமூச்சு விட்டதுபோல உட்கார்ந்து, ஓடும் கழியும் சாமி படமும் அடுப்புமாகத் தெளிந்த தண்ணீருக்குள் இறங்கி, இறங்கியது அத்தனையும் கொஞ்ச நேரம் அடியில் பளிச்சென்று தெரிந்து, பிறகு நகர்ந்து போனது. செல்வாம்பாள் கையில் பச்சை வாளி மட்டும் இருந்தது. அவள் அழவில்லை. வாளியோடு நேராகக் கலியமூர்த்தி வீட்டுக்கு வந்து, அதைக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, தனக்கோடி எனக்குச் சிநேகிதிதான். அன்னைக்கு நாம ஒழுங்கா அனுப்பல. இப்ப அனுப்பிடுவோம். ஊரு மொத்தமும் திரும்பி நிக்கிறோம். நீயும் நில்லு."

கலியமூர்த்தி சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஆட்டியது சரி என்பதற்குத்தானா என்று வினோதினிக்கு உறுத்தியது.

மறுநாள் உச்சிப் பொழுதில் ஊர் மொத்தமும் மேற்கிலிருந்து கீழ்த்துறை வரை கரையோரம் வரிசையாக, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றது. பிள்ளைகளின் கண்ணைத் தாய்மார்கள் முந்தானையால் பொத்தினார்கள். வைத்தியலிங்கம் சங்கை ஊதிவிட்டு அவரும் திரும்பிக்கொண்டார். கலியமூர்த்தி தன் கொல்லைக் கரை மேட்டில் நின்றார். சங்குச் சத்தம் கேட்டதும் வீட்டுக்குள் வினோதினி, மாரியம்மனை நினைத்துக்கொண்டு, கிழக்கு முனையைத் திறந்துவிட்டாள்.

திரையில் நீலம் கிழக்கு ஓரத்தைத் தொட்டது, தொட்டதும் இல்லாமல் போயிற்று. மேற்கே எதுவும் முளைக்கவில்லை. அவள் எதிர்பார்த்ததுதான். நீலம் வால் சுருங்கிக் கிழக்கே நகர, அதன் நடுவில் மஞ்சள் புள்ளி கொல்லைக் கரையை ஒட்டி வந்துகொண்டிருந்தது. திரையைப் பார்ப்பதும் திரும்பிப் பார்ப்பதும் ஒன்றுதானோ என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. கண்ணை மூடப் போனாள். மூடுவதற்கு முன், எந்தத் தண்ணீரும் தொடாத கரை மேட்டிலிருந்து ஒரே ஒரு பழுப்புக் குருணை தானாகக் கழன்று, உருண்டு, நீலத்துக்குள் இறங்கி, மஞ்சள் புள்ளியோடு போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் தள்ளாமல் தானாகப் பெயர்கிற மண்ணுக்கு அவள் விதி எழுதியிருக்கவில்லை.

இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே கிழக்கே வந்தன. கோயிலைத் தாண்டின. தெரு நீளத்தையும் தாண்டின. அவள் விரல் நிறுத்தும் விசையைத் தேடியது. திறந்த ஓரத்துக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அவள் அதை அமுக்கினாள்.

வெளியே ஆறு நின்றது. அவள் ஓடினாள். நிறுத்தம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது, அந்தக் கணினி சில சமயம் நிறுத்தியதைத் தானாகவே விட்டுவிடுகிற சாதி. கீழ்த்துறையில் நின்றவர்களின் முதுகுகளுக்கு நடுவில் புகுந்து ஓடினாள். ஆறு நின்ற அமைதியும் அவள் ஓடுகிற சத்தமும் அத்தனை பேருக்கும் கேட்டது, செல்வாம்பாளின் தோள்கள் குலுங்கின, ஆனால் வழக்கத்தை மீறி ஒருவரும் திரும்பவில்லை. ஊரிலேயே ஆற்றைப் பார்த்து நின்றவள் அவள் ஒருத்திதான். துறைக்குக் கிழக்கே, கொஞ்சம் உள்ளே, கழுத்தளவுத் தண்ணீரில் அப்பாவின் நரைத்த தலை தெரிந்தது. அவருக்கு அந்தப் பக்கம், ஆறு இருக்க வேண்டிய இடத்தில், ஆறும் இல்லை, மணலும் இல்லை, அக்கரையும் இல்லை. இருட்டுமில்லை. பார்க்க அங்கே ஒன்றுமே இல்லாததால் கண் அதில் நிற்காமல் வழுக்கியது.

வாழ்நாளில் முழங்காலுக்கு மேல் நனையாதவள் நின்ற தண்ணீரில் கால் வைத்தாள். நெல் குவியல்போல அது கணுக்கால் வரை வாங்கி, பிறகு தாங்கியது. ஒவ்வோர் அடிக்கும் காலுக்குக் கீழே குருணைகள் சரசரவென்று இளகின. திரும்பி ஓடிவிடலாமென்று உடம்பு கெஞ்சியது. அப்பாவின் ஒரு கை கலயத்தின் கழுத்தைப் பிடித்திருந்தது. பக்கத்தில் போய் மண்டியிட்டாள்.

"வாப்பா."

"அவ தனியா போவா பாப்பா" என்றார் அவர், வெகு சாதாரணமாக. "நீச்சல் தெரியாதவ."

"எனக்கும் தெரியாதுப்பா."

அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். அவள் எதன் மேல் நிற்கிறாள் என்று பார்த்தார். அவள் முழங்காலுக்குக் கீழே நீலம் ஒரு தரம் நடுங்கிச் சரிந்து, அவளை ஒரு சாண் உள்ளே வாங்கியது. பெண்ணை ஆற்றுப் பக்கம் விடாதீர்கள் என்று தனக்கோடி ஆயுசு முழுக்கச் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பல நாளாகச் செத்துக் கிடந்த அவர் முகத்தில் பயம் வந்தது. தகப்பனுக்கு வருகிற பயம். கலயத்தை ஒருமுறை, குழந்தையின் தலையைத் தடவுவதுபோலத் தடவினார். பிறகு அந்தக் கையை எடுத்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாகத் தவழ்ந்தும் புரண்டும் சரிந்தும் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். கரையேறியதும் அவர் மற்றவர்களோடு வரிசையில் போய் நின்று, ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"போயி அமுக்கு பாப்பா" என்றார். "நான் பாக்கல."

வினோதினி வீட்டுக்கு வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையைப் பின்னால் நீட்டித் தடவி அமுக்கினாள். வெளியே தண்ணீர் நகரும் ஓசை கேட்டது. அது கிழக்கே போய்ப் போய்ச் சன்னமாகி, ஒரு கட்டத்தில் கேட்காமலே போயிற்று. அப்பா சொன்னதைக் காப்பாற்றுவாரா? ஒரு தரம் தலையாட்டிவிட்டு மீறியவர். ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும், கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும்; பழுப்புக் குருணை கரையில் இருக்கிறதா இல்லையா என்று முதுகுக்குப் பின்னால் திரை சொல்லிவிடும். அவள் விளக்கு மாடத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்வெர்ட்டர் முனகியது. ஆறு இருக்கிறதா, ஊர் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு பயத்தை அவள் அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் படவில்லை.

பிறகு எங்கோ மேற்கே ஓர் இரைச்சல் கிளம்பி, வளர்ந்து, தெரு நீளம் வந்து, வீட்டைக் கடந்து போயிற்று. கொஞ்சம் பொறுத்துப் பின்வாசலில் காலடி கேட்டது. செல்வாம்பாளின் பச்சை வாளியை யாரோ தரையில் வைத்தார்கள். தண்ணீர் மொண்டு காலில் ஊற்றுகிற சத்தம், ஒரு காலில், பிறகு மறு காலில். நனைந்த வேட்டியோடு கலியமூர்த்தி உள்ளே வந்து, விளக்கு மாடத்துக்கு எதிரே நின்று, விளக்கைப் பார்த்தார். அவர் பாதம் பட்ட இடமெல்லாம் சிமெண்டுத் தரையில் செம்மண் நிறத்தில் ஈரம் படிந்திருந்தது.

"தண்ணி கலங்கலா வருது பாப்பா" என்றார்.